7 நாள் அறை 3 நாள் ஆகிறது! டைம்ஷேர் பாயிண்டை ஓட்டலுக்கு மாற்றினால் லாபமா, நஷ்டமா?

ஆம்பூர் குடும்பங்கள் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

"சார், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு! மேடத்தையும் அழைச்சுக்கிட்டு வாங்க. ராத்திரி சாப்பாடு எங்க செலவு. ஒரு மணி நேரம் நாங்க சொல்றதைக் கேட்டாப் போதும்!"

இப்படி ஒரு போன் வந்தால், அது பெரும்பாலும் டைம்ஷேர் விற்பனைக்கான அழைப்புதான்.

பெட்ரோல் பங்க்கிலோ, பொருட்காட்சியிலோ, பெரிய கடையிலோ "குலுக்கல் பரிசு" என்று நிரப்பிக் கொடுத்த சீட்டில் இருந்து அந்த நம்பர் போயிருக்கும்.

போய் உட்கார்ந்தால் கோட்டு, டை கட்டிய வாலிபர் படம் போட்டுக் காட்டுவார். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கோவா என்று வரிசையாக ஊர்கள் வரும்.

"வருஷத்துக்கு 7 நாள். 25 வருஷம் உங்களுக்குத்தான் சார். அந்த இடம் போரடிச்சா பாயிண்டைக் கொடுத்துட்டு வேற ஓட்டல்ல தங்கிக்கலாம். ஒண்ணும் வீணாப் போகாது!"

கடைசியாகச் சொல்கிறாரே, "ஒண்ணும் வீணாப் போகாது" என்று, அந்த வார்த்தையில்தான் பலர் விழுந்து விடுகிறார்கள்.

உண்மையிலேயே வீணாகாதா? பாயிண்டைக் கொடுத்து ஓட்டலில் தங்கினால் கட்டுப்படி ஆகுமா? ஒரு காகிதமும் பேனாவும் இருந்தால் போதும், விடை கிடைத்து விடும்.

பிரியாணி டோக்கன்

டைம்ஷேர் என்பது புரியாத சமாசாரம் அல்ல. ஆம்பூர்க்காரர்களுக்கு பிரியாணியை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

ஒரு பிரியாணிக் கடைக்காரர் வருகிறார். "25 வருடத்துக்கான பிரியாணிக் காசை இப்போதே கொடுத்து விடுங்கள். வருடத்துக்கு 7 டோக்கன் தருகிறேன். விலைவாசி ஏறினாலும் உங்களுக்குக் கவலை இல்லை" என்கிறார்.

அதோடு விட்டாரா? "கடையைப் பெருக்க, விளக்குப் போட, பாத்திரம் கழுவ வருடா வருடம் ஒரு சந்தாவும் கட்டிவிட வேண்டும். நீங்கள் சாப்பிட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி" என்கிறார்.

சில நாள் கழித்து, "எங்கள் கடைக்கு வர முடியவில்லையா? பரவாயில்லை. இந்த டோக்கனைப் பக்கத்துக் கடையில் கொடுங்கள். ஆனால் அங்கே 2 டோக்கனுக்கு ஒரு பிளேட்தான்" என்கிறார்.

பக்கத்துக் கடையில் காசு கொடுத்தால் அதே பிளேட் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றால், டோக்கனைக் கொடுப்பது புத்திசாலித்தனமா?

டைம்ஷேர் பாயிண்டை ஓட்டலுக்கு மாற்றும் விவகாரம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கி விடுகிறது.

பனிமலையில் பிறந்தது

இந்த யோசனை ஐரோப்பாவில் தோன்றியது. 1963-ல் சுவிட்சர்லாந்தில் 'ஹாப்பிமாக்' என்ற கம்பெனி, பலர் சேர்ந்து பணம் போட்டு விடுமுறை வீடுகளைப் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 1967-ல் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஓட்டல் ஒன்றும் அறைகளை வாரக் கணக்கில் விற்றது.

ஒரே இடத்துக்கு வருடா வருடம் போனால் யாருக்கும் சலிப்பு வரத்தானே செய்யும்? அதற்கு வழி கண்டுபிடித்தார்கள் அமெரிக்காவில். 1974-ல் 'ஆர்.சி.ஐ.' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. "உன் வாரத்தை எனக்குக் கொடு, என் வாரத்தை நீ எடுத்துக்கொள்" என்று உறுப்பினர்களுக்குள் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

வாரத்துக்கு வாரம் என்பது பண்டமாற்று. அதில் யார் கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று ஓரளவு பார்த்தாலே தெரியும்.

பிறகு வந்தது பாயிண்ட். 1991-ல் டிஸ்னி கம்பெனி வாரத்துக்குப் பதில் பாயிண்டை விற்றது. 2010-ல் மாரியட் கம்பெனியும் டைம்ஷேரில் பாயிண்ட் முறைக்கு வந்தது. அங்கே டைம்ஷேர் பாயிண்டை ஓட்டல் பாயிண்டாக மாற்றும் வசதியும் உண்டு. "மாற்றலாமா, கூடாதா?" என்று அமெரிக்காவில் இன்றும் சண்டை ஓயவில்லை.

வாரம் என்றால் 7 நாள். அதை யாரும் குறைக்க முடியாது. பாயிண்ட் அப்படி அல்ல. ஓர் அறைக்கு இத்தனை பாயிண்ட் என்று விதிப்பது கம்பெனி. அதை மாற்றுவதும் கம்பெனிதான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சென்னைக் கம்பெனிகள்

தமிழ்நாட்டுக்கு இது புதிய சரக்கு அல்ல. 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் கம்பெனி, கொடைக்கானலைக் காட்டி டைம்ஷேரை வீடு வீடாகப் பழக்கப்படுத்தியது. 1990-களின் பிற்பகுதியில் அது பண நெருக்கடியில் சிக்கியது. 2014-ல் தாமஸ் குக் இந்தியா கம்பெனி அதை வாங்க முன்வந்தது.

1996-ல் வந்தது மகிந்திரா ஹாலிடேஸ். 'கிளப் மகிந்திரா' என்ற பெயரில் 25 வருட உறுப்பினர் திட்டம் நாடு முழுவதும் பிரபலமானது. அதற்கும் சென்னைதான் தலைமையிடமாக இருந்து வந்தது.

இந்தக் கம்பெனிகளுக்குச் சொந்தமாக விடுதிகள் இருக்கின்றன. அங்கே போய்த் தங்கித் திருப்தியோடு திரும்பும் குடும்பங்களும் ஏராளம். அதை மறுப்பதற்கு இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சொந்த விடுதிக்குப் போக முடியாதபோதுதான்.

லீவு எங்கே இருக்கு?

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளும் டேனரிகளும்தான் பிழைப்பு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு.

தொழிற்சாலை வேலையில் 20 நாள் வேலை செய்தால் 1 நாள் சம்பளத்தோடு லீவு என்பது சட்டம். 240 நாள் வேலை பார்த்தவருக்கு 12 நாள் லீவு வரும்.

அந்த 12 நாளில் கல்யாணம், காது குத்து, ஊர்த் திருவிழா, ஆஸ்பத்திரி எல்லாம் அடங்கவேண்டும். தொடர்ச்சியாக 7 நாள் ஊட்டியில் போய் உட்கார முடியுமா?

டைம்ஷேர் பேச்சு நடந்த அன்று ராத்திரி ஒரு வீட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கும் என்று வைத்துக் கொள்வோம்.

"மாசம் பத்தாயிரத்துக்கு உள்ளேதான் வருது. பசங்களும் ஆசைப்படுதுங்க" என்பார் கணவர்.

"ஏங்க, ஆசை எனக்கு மட்டும் இல்லையா? ஆனா உங்களுக்கு எத்தனை நாள் லீவு இருக்கு? எனக்கு எத்தனை நாள் இருக்கு? ரெண்டு பேருக்கும் ஒண்ணாக் கிடைக்குமா?" என்பார் மனைவி.

"அதுக்குத்தான் பாயிண்டுன்னு சொல்றாங்களே. ரெண்டு நாள், மூணு நாள்னு வேற ஓட்டல்ல போட்டுக்கலாம்."

"போட்டுக்கலாம்தான். எவ்வளவு பிடிப்பாங்கன்னு கேட்டீங்களா?"

அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி. பதில் சொல்ல, கணக்கு வேண்டும்.

இதோ கணக்கு

கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்காகப் போட்டவை. கம்பெனிக்குக் கம்பெனி, திட்டத்துக்குத் திட்டம் இது மாறும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள தொகையைப் போட்டு இதே மாதிரி கணக்கிட்டுக் கொள்ளலாம்.

உறுப்பினர் கட்டணம் ரூ.4 லட்சம். அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.72 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.4 லட்சத்து 72 ஆயிரம். 48 மாதத் தவணை, வட்டி இல்லை என்றாலும் மாதம் ரூ.9,833 கட்டவேண்டும்.

இதை 25 வருடத்துக்குப் பங்கு போட்டால், வருடத்துக்கு ரூ.18,880.

ஆண்டுச் சந்தா ரூ.18 ஆயிரம். அதற்கும் 18 சதவீத வரி. ஆக ரூ.21,240.

இரண்டையும் கூட்டினால், ஒரு வருடச் செலவு ரூ.40,120.

இதற்கு வருடம் 7 ஆயிரம் பாயிண்ட் தருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் ஒரு பாயிண்டின் அடக்க விலை 5 ரூபாய் 73 காசு.

கம்பெனியின் சொந்த விடுதியில் ஓர் இரவுக்கு ஆயிரம் பாயிண்ட். அதே மாதிரி அறைக்கு வெளியில் வாடகை ரூ.6 ஆயிரம். ரூ.7,500 வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆக ரூ.6,300.

7 நாளும் அங்கே தங்கினால் ரூ.44,100 மதிப்புள்ள அறை கிடைக்கிறது. செலவு ரூ.40,120. மிச்சம் ரூ.3,980. ஒரு பாயிண்டுக்குக் கிடைத்தது 6 ரூபாய் 30 காசு.

பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? பொறுங்கள்.

இப்போது அதே பாயிண்டை வெளி ஓட்டலுக்கு மாற்றுவோம்.

அந்த ஓட்டலில் ஓர் இரவுக்கு 2 ஆயிரம் பாயிண்ட் கேட்கிறார்கள். கையில் 7 ஆயிரம் பாயிண்ட் இருக்கிறது. 3 இரவு கிடைக்கும். ஆயிரம் பாயிண்ட் மீதி நிற்கும்.

அதே ஓட்டலில் நேரில் போய்ப் பணம் கட்டினால் வாடகை ரூ.4 ஆயிரம். வரியோடு ரூ.4,200. 3 இரவுக்கு ரூ.12,600.

ஒரு பாயிண்டுக்குக் கிடைத்தது 2 ரூபாய் 10 காசு!

இதில் "மாற்றுக் கட்டணம்" என்று ரூ.2 ஆயிரம் தனியாக வாங்கினால், அது 1 ரூபாய் 77 காசு ஆகிவிடும்.

5 ரூபாய் 73 காசுக்கு வாங்கிய சரக்கை 1 ரூபாய் 77 காசுக்கு விற்பதற்கு ஆம்பூரில் எந்த வியாபாரியாவது சம்மதிப்பாரா?

தோல் வியாபாரம் சொல்லும் பாடம்

தோல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இத்தனை தோல் என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்து யாரும் விலை பேசுவது இல்லை. சதுர அடி எவ்வளவு, தரம் என்ன, கீறல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் விலை.

பாயிண்டும் அப்படித்தான். "7 ஆயிரம் பாயிண்ட் தர்றோம்", "10 ஆயிரம் பாயிண்ட் தர்றோம்" என்று சொல்வது வெறும் எண்ணிக்கை. ஒரு பாயிண்ட் எத்தனை ரூபாய் அறையை வாங்கித் தருகிறது என்பதுதான் தரம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும்.

ஓட்டல் வாடகையை வரியோடு எழுதுங்கள். அதில் மாற்றுக் கட்டணத்தைக் கழியுங்கள். மீதியை அவர்கள் கேட்கும் பாயிண்டால் வகுத்து விடுங்கள். வருவதுதான் உங்கள் பாயிண்டின் உண்மையான விலை.

ஓட்டல் வாடகையைப் பார்க்கும்போது, கம்பெனி காட்டும் அட்டையில் உள்ள "அசல் வாடகை"யைப் பார்க்கக் கூடாது. அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அதே தேதிக்கு ஓட்டலுக்கு நேரில் போன் போட்டுக் கேட்டால் என்ன சொல்கிறார்களோ, அதுதான் வாடகை.

வங்கியில் போட்டால்?

"எப்படியும் ரூம் வாடகை ஏறிக்கிட்டேதானே போகும்?" என்று விற்பனைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஆண்டுச் சந்தாவும் ஏறும். வருடம் 5 சதவீதம் ஏறினால் முதல் வருடம் ரூ.21,240 கட்டியவர், 15-வது வருடம் ரூ.42 ஆயிரத்துக்கு மேல் கட்டவேண்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே ரூ.4 லட்சத்து 72 ஆயிரத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால், வருடம் ரூ.33,040 வட்டி வரும். கட்டாத சந்தா ரூ.21,240. இரண்டும் சேர்ந்தால் ரூ.54,280.

ரூ.4,200 வாடகையில் 12 இரவு தங்கலாம். அப்படியும் ரூ.3,880 கையில் நிற்கும். வட்டிக்கு வருமான வரி வந்தால் ஓர் இரவு, இரண்டு இரவு குறையலாம். அசல் அப்படியே இருக்கும்.

டைம்ஷேரில் 25 வருடம் முடிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது.

அசல் கையில் இருப்பதன் அருமை கஷ்ட காலத்தில்தான் தெரியும். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தோல், ஷூ ஏற்றுமதிக்காரர்கள் கலங்கிப் போனார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓவர்டைம். சந்தா மட்டும் அதற்காகக் குறைந்து விடாது.

ஏற்கனவே வாங்கியவர்கள்

இது வரை சொன்னது, வாங்கப் போகிறவர்களுக்கான கணக்கு. ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்குக் கணக்கு வேறு.

கட்டிய ரூ.4 லட்சத்து 72 ஆயிரம் போனது போனதுதான். அதை நினைத்து இன்றைக்கு முடிவு எடுத்தால் தப்பாகத்தான் போகும். இனிமேல் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு, அதற்குக் கிடைப்பது எவ்வளவு என்று மட்டும் பார்க்கவேண்டும்.

இந்த வருடச் சந்தா கட்டியாகி விட்டது. லீவு கிடைக்கவில்லை. பாயிண்ட் அடுத்த மாதம் காலாவதி ஆகப் போகிறது. அந்த நிலையில் ரூ.2 ஆயிரம் மாற்றுக் கட்டணம் கொடுத்தால் ரூ.12,600 மதிப்புள்ள 3 இரவு கிடைக்கும் என்றால், தாராளமாக மாற்றிக் கொள்ளலாம். அழிந்து போகும் சரக்குக்கு வந்த விலை லாபம்தான்.

ஆனால் பாயிண்டை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக முடியும், அடுத்த வருடம் சொந்த விடுதிக்குப் போகும் உத்தேசமும் இருக்கிறது என்றால் அவசரப்படக் கூடாது. அங்கே 6 ரூபாய் 30 காசு கிடைக்கும் பாயிண்டை இங்கே 1 ரூபாய் 77 காசுக்கு விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதுதான் பலர் கவனிக்காதது.

ஆண்டுச் சந்தாவை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். ரூ.21,240-ஐ 7 ஆயிரம் பாயிண்டால் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 3 ரூபாய் 3 காசு.

வருடா வருடம் ஓட்டலுக்கு மட்டுமே மாற்றுகிற ஒருவருக்கு, பாயிண்டுக்கு 1 ரூபாய் 77 காசுதான் கிடைக்கிறது. சந்தா அளவுக்குக்கூட அறை கிடைக்கவில்லை!

அதாவது, போட்ட முதலை மறந்தாலும்கூட, ஒவ்வொரு வருடமும் புதிதாக நஷ்டம். அப்படிப்பட்டவர்கள் "பாயிண்டை எங்கே மாற்றலாம்?" என்று தேடுவதை விட்டு, "உறுப்பினர் பதவியை ஒப்படைக்க வழி இருக்கா?" என்று ஒப்பந்தத்தைப் புரட்டுவது நல்லது. வேறு ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்றும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிய விலைக்கு விற்க முடியும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது லாபம்?

ஓட்டலுக்கு மாற்றுவது எப்போதுமே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது.

மே மாதம் ஊட்டியில் கூட்டம் தாங்காது. அப்போது ரூ.9 ஆயிரம் வாடகை சொல்லும் ஓட்டல், அதே 2 ஆயிரம் பாயிண்டுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ரூ.7,500-க்கு மேல் போனால் வரி 18 சதவீதம். ஓர் இரவுக்கு ரூ.10,620.

3 இரவுக்கு ரூ.31,860. மாற்றுக் கட்டணம் ரூ.2 ஆயிரத்தைக் கழித்தால் ரூ.29,860. பாயிண்டுக்கு 4 ரூபாய் 98 காசு வந்து விடுகிறது. சந்தாவைத் தாண்டி விட்டது. ஏற்கனவே வாங்கியவர் இதை விடக் கூடாது.

ஆனால் சீசன் நாளில் அந்த அறை பாயிண்டுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. "ரூம் இல்லை" என்ற பதிலும், "சீசனுக்கு டபுள் பாயிண்ட்" என்ற பதிலும் வரலாம். முன்கூட்டியே பல மாதங்களுக்கு முன் கேட்டு வைப்பவருக்கே அதிர்ஷ்டம்.

மற்றபடி ஆம்பூர் குடும்பங்கள் போய் வரும் ஏலகிரிக்குப் பாயிண்ட் எதற்கு? 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப, சாதாரண லாட்ஜில் காசு கொடுத்துத் தங்கினாலே ஆயிற்று. அதற்குப் போய் 2 ஆயிரம் பாயிண்டை அழிப்பது, ஈக்குப் பீரங்கி வைத்த கதை.

பணம் திரும்பும் என்றால் உஷார்!

இன்னொரு வகை இருக்கிறது. "ஓட்டல்ல தங்குங்க. தங்கலேன்னா கவலை வேண்டாம். சில வருஷம் கழிச்சு மேலே போட்டுப் பணமாவே தர்றோம்" என்பார்கள்.

இதைக் கேட்டால் அங்கேயே எழுந்து விடவேண்டும்.

மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் என்ற கம்பெனி இப்படித்தான் ஓட்டல் அறை நாட்களைக் காட்டிப் பணம் திரட்டியது. தங்காதவர்களுக்குப் பணம் திரும்பும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

இது விடுமுறைத் திட்டம் அல்ல, அனுமதி இல்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று 'செபி' முடிவு செய்தது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 2016 பிப்ரவரியில் உத்தரவு போட்டது. சிக்கிய பணம் ரூ.7 ஆயிரம் கோடிக்கு மேல். பணம் போட்டவர்கள் 50 லட்சம் பேருக்கு மேல்! கம்பெனி செய்த அப்பீலும் 2017-ல் தள்ளுபடி ஆனது.

அவ்வளவு பேரும் பேராசைக்காரர்கள் அல்ல. ஓட்டல் கண்ணுக்குத் தெரிகிறது, கட்டிடம் இருக்கிறது, பணம் எங்கே போய்விடும் என்று நம்பியவர்கள்தான்.

தங்குவதற்காக வாங்கும் பாயிண்ட் வேறு, பணம் பெருகும் என்று வாங்கும் பாயிண்ட் வேறு. இரண்டையும் ஒரே சீட்டில் விற்றால் அதைத் தொடக் கூடாது.

மனசு மாறினால்?

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள கார்டைத் தேய்ச்சாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

இந்த அவசரத்துக்காகவே ஐரோப்பிய நாடுகள் சட்டம் போட்டன. டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர், காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். சிங்கப்பூரிலும் 5 வேலை நாள் அவகாசம் உண்டு.

இந்தியாவில் டைம்ஷேருக்கு என்று தனிச் சட்டம் இல்லை. சில கம்பெனிகள் 10 நாள் அவகாசத்தைத் தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகின்றன. அது எழுத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு.

விருந்து சாப்பிட்டு விட்டோமே என்ற தயக்கம் வேண்டாம். சாப்பாட்டுக்கு வாயால் நன்றி சொன்னால் போதும், கையெழுத்தால் சொல்ல வேண்டியது இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பேனாவைத் தொடும் முன் இந்த 7 கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளவேண்டும்.

1. ஆண்டுச் சந்தா வருடா வருடம் எவ்வளவு வரை ஏறலாம்? உச்ச வரம்பு இருக்கிறதா?

2. வெளி ஓட்டலில் ஓர் இரவுக்கு எத்தனை பாயிண்ட்? அதைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

3. மாற்றுக் கட்டணம் எவ்வளவு? ஒவ்வொரு தடவையும் உண்டா?

4. எந்தெந்த ஓட்டல்? பட்டியல் ஒப்பந்தத்தோடு சேர்ந்ததா, அல்லது வெறும் விளம்பர அட்டையா?

5. பாயிண்ட் எப்போது காலாவதி ஆகும்? எத்தனை வருடம் எடுத்துப் போகலாம்?

6. தீபாவளி, பொங்கல், ரம்ஜான், மே மாத விடுமுறையில் உங்கள் திட்டத்துக்கு அறை உண்டா?

7. நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பும்? சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும்?

"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லே சார்" என்பது பதில் அல்ல. வாய் வார்த்தை கோர்ட்டில் நிற்பது கஷ்டம். காகிதம் நிற்கும்.

ஏமாந்தவர்களுக்கு வழி

சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் சும்மா இருக்க வேண்டியது இல்லை.

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பி, நகல் வைத்துக் கொள்ளவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன். பணம் கட்டியது சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடம் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்கு உரிய கமிஷனிலேயே மனு கொடுக்கலாம்.

கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குறை ஏற்பட்ட 2 வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். ரசீது, ஒப்பந்தம், அறை கேட்டு அனுப்பிய கடிதம், "இடம் இல்லை" என்று வந்த பதில் எல்லாம் பத்திரமாக இருக்கவேண்டும்.

முடிவு என்ன?

வருடா வருடம் 7 நாள் லீவு போட்டு, கம்பெனியின் சொந்த விடுதிக்கே குடும்பத்தோடு போகக் கூடியவருக்கு டைம்ஷேர் ஓரளவு ஒத்து வரலாம்.

"லீவு இல்லை, அதனால் பாயிண்டை ஓட்டலுக்கு மாற்றிக் கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு வாங்குகிறவருக்கு அது ஒத்து வராது. அவர் வாங்கும்போது ஒரு விலை கொடுக்கிறார், மாற்றும்போது அதில் பாதி கூடப் பெறுவது இல்லை.

ஏற்கனவே வாங்கியவர் காலாவதி ஆகும் பாயிண்டையும், சீசன் நேரத்தில் கிடைக்கும் அறையையும் விடக் கூடாது. மற்ற நேரத்தில் ஓட்டலுக்குப் பணத்தைக் கொடுத்து விட்டு, பாயிண்டைச் சொந்த விடுதிக்குப் பத்திரப்படுத்தலாம்.

இரண்டு நாள் லீவில் குழந்தைகளை எங்காவது அழைத்துப் போக நினைப்பவருக்கு உறுப்பினர் அட்டை தேவை இல்லை. மாதம் ரூ.9,833 தவணை கட்டுவதற்குப் பதில், அதில் மூன்றில் ஒரு பங்கை மாதா மாதம் ஒதுக்கி வைத்தாலே, வருடக் கடைசியில் சுமார் ரூ.39 ஆயிரம் சேர்ந்து விடும். அதை எந்த ஊர் ஓட்டலும் பாயிண்ட் கேட்காமல் வாங்கிக் கொள்ளும்!